மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் நின்றது

எஞ்சின் திடீரென்று நின்றுவிட்டது என்றுதான் முதல் ஒரு வாரம் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அது மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் நின்றது. கேட்க வேண்டிய நான்தான் ஒவ்வொரு முறையும் அதன் வாயை அடைத்தேன்.

2018 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக்கும் சஃபோக்கும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், டிஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியின் புல்தரையில் எங்கள் விமானம் நிற்கும். ஐந்து பேர் பங்கு போட்டு வைத்திருக்கிறோம். 1946-இல் கட்டிய பைப்பர் ஜே-3 கப். இந்தக் 'கப்' ஆங்கிலத்தில் குட்டியைக் குறிக்கும். கரடிக்குட்டி, புலிக்குட்டி என்பது போல. ஊரிலிருந்து வந்திருந்த என் மனைவியின் தம்பிக்கு அது பிடிபடவில்லை. "டீ கப்பிலா அத்தான் என்னை ஏற்றப் போகிறீர்கள்?" என்றான். அன்று முதல் அதற்குக் 'குட்டி' என்றே பெயராகிவிட்டது.

கும்பகோணம் பக்கம் நெல்லும் உளுந்தும் போடுகிறவன் அவன். குட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்தி, மஞ்சள் சாயம் பூசியிருப்பதை விரலால் தட்டிப் பார்த்தான். 65 குதிரைச் சக்தி என்றதும், "என் டிராக்டரே 45 அத்தான், இதில் இரண்டு பேரா?" என்றான். பேட்டரி கிடையாது, ஸ்டார்ட்டர் கிடையாது. வெளியே நின்று புரொப்பெல்லரைக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். பெட்ரோல் அளவு பார்க்க, டேங்க் மூடியின் வழியாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியில் மிதக்கும் தக்கை கீழே போகப் போகக் கம்பியும் தாழும். அவ்வளவுதான் மீட்டர். இது மட்டும் அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது.

இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். பயணி முன்னால், விமானி பின்னால். மீட்டர்களோ முன்னால் இருப்பவரின் முழங்காலுக்கு எதிரே. அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுகள் சுற்றுகிறது என்று பார்க்க நான் பயணியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டும். என் மைத்துனனின் தோள் கொஞ்சம் அகலம். இது வேடிக்கைக்காகச் சொல்வதல்ல, பின்னால் வரும்.

முந்தின இரவு மழை. காலை மூடுபனி விலகப் பத்து மணி ஆயிற்று. காற்றின் வெப்பம் 14 டிகிரி. பனிபடுநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம், 12. இந்த இரண்டு எண்களும் நெருங்கி நின்றால் விமானிக்கு மூடுபனிதான் ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. பனிதான் விலகிவிட்டதே, கிளம்பலாம் என்று முடிவு செய்தேன். அந்த ஈரம் எங்கும் போய்விடவில்லை, என் எஞ்சினுக்குள் போகத் தயாராகக் காற்றில் காத்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றவில்லை.

மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பானைக்கு வெளியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அதே வேலையைச் செய்கிறது, இன்னும் மும்முரமாக. கூடவே, குறுகிய கழுத்தின் வழியே காற்று விரையும்போது அழுத்தம் குறைந்து, அதுவும் தன் பங்குக்குக் குளிர்விக்கிறது. இரண்டும் சேர்ந்தால் உள்ளே வெப்பம் 20 முதல் 30 டிகிரி வரை இறங்கிவிடக்கூடும். வெளியே 14 டிகிரி என்றால் உள்ளே உறைநிலைக்குக் கீழே. காற்றிலுள்ள ஈரம் அங்கேயே பனிக்கட்டியாகப் படிந்து எஞ்சினின் தொண்டையை அடைக்கிறது. இதற்குப் பனிப்பொழிவு வேண்டாம், குளிர்காலம் வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் 25 டிகிரி வெப்பத்திலும் நடக்கும். அன்று நாங்கள் ஊற்றியிருந்தது கார்களுக்கான பெட்ரோல். விமானப் பெட்ரோலைவிட அது சுலபமாக ஆவியாகும். அதனால் ஆபத்தும் ஒரு படி கூடுதல்.

மருந்தும் விமானத்திலேயே இருக்கிறது. கார்புரேட்டர் ஹீட் என்று ஒரு குமிழ். இழுத்தால், எஞ்சினின் புகைக்குழாயை ஒட்டிச் சூடேறிய காற்று கார்புரேட்டருக்குள் போகும். பனி உருகும். பயிற்சியில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், தேர்விலும் எழுதியிருந்தேன், நல்ல மதிப்பெண்கூட வாங்கினேன்.

சவுத்வோல்ட் கடற்கரை வரை போனோம். கலங்கரை விளக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேற்கே திரும்பினோம். மேகம் தாழ்வாக இருந்ததால் 1,300 அடியில்தான் பறந்தேன். ஹேல்ஸ்வொர்த்தைத் தாண்டியதும் எஞ்சினின் ஓசை ஒரு இழை தளர்ந்தது போலிருந்தது. எட்டிப் பார்த்தேன். 2,150 சுற்றுகளில் நிற்க வேண்டிய முள் 2,100-க்குக் கொஞ்சம் கீழே. எஞ்சினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியான த்ராட்டில் தானாக நகர்ந்திருக்கும் என்று நினைத்து முன்னால் தள்ளினேன். முள் பழைய இடத்துக்கு வந்தது. இது முதல் முறை.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே. எதிர்காற்று, மேடு பள்ளமான காற்று என்று மனம் ஏதோ காரணம் சொன்னது. மறுபடியும் தள்ளினேன். இரண்டாம் முறை.

இந்த வகை விமானத்தில் புரொப்பெல்லரின் கோணம் மாறாது. அதனால் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது என்பதை முதலில் காட்டுவது சுற்றுகளின் எண்ணிக்கைதான். காரணம் தேடாமல் த்ராட்டிலைத் தள்ளினால் முள்ளைச் சரிசெய்கிறோமே தவிர எஞ்சினை அல்ல. காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டரை உதறிக் கொடுப்பது மாதிரி. அதோடு, முள் மைத்துனனின் தோளுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததால் நான் காதை நம்பினேன்; மெதுவாகத் தளரும் ஓசைக்குக் காது பழகிக்கொண்டுவிடும்.

மூன்றாம் முறை எஞ்சின் உதறியது. அப்போதுதான் குமிழ் நினைவுக்கு வந்தது. இழுத்தேன், அதையும் பாதிதான் இழுத்தேன். எஞ்சின் இருமியது, குலுங்கியது, முன்னைவிட மோசமாக ஓடியது. பயந்துபோய்க் குமிழை மறுபடி உள்ளே தள்ளிவிட்டேன்.

அன்று நான் செய்தவற்றில் பெரிய தவறு அதுதான். பனி உருகினால் தண்ணீர். அந்தத் தண்ணீரை எஞ்சின் விழுங்கும்போது இருமத்தான் செய்யும். இருமல் என்றால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். முழுவதும் இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அப்படியே விட்டிருக்க வேண்டும். நான் தள்ளிவிட்டு, சில நொடிகளில் மனம் மாறி முழுவதும் இழுத்தபோது காலம் கடந்திருந்தது. சூடு வருவது எஞ்சினின் புகைக்குழாயிலிருந்து. எஞ்சின் அணைந்துகொண்டிருந்தால் சூடு எங்கிருந்து வரும்? இரண்டு முறை வெடித்தது, பிறகு இல்லை. மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்த புரொப்பெல்லர், இறங்கும் வேகத்துக்கு நான் வந்ததும், சாய்வாக நின்றுவிட்டது.

நின்ற புரொப்பெல்லரை விமானத்துக்குள்ளிருந்து பார்ப்பது ஒரு மாதிரி. வீட்டுக் கூடத்தில் யாரோ தெரியாதவர் நிற்பது போல.

"அத்தான், சத்தம் நின்றுவிட்டதே?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. நாலைந்து நொடிகள் இருக்கும், கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயரமாக நின்றது, பெட்ரோல் இருக்கிறது. பெட்ரோல் இருக்கிறது, அப்புறம் ஏன் என்று அதிலேயே மனம் சுற்றியது. நம்ப மறுக்கும் இந்த நொடிகளைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். எனக்கு வராது என்று நினைத்திருந்தேன். நல்லவேளையாகக் கை மட்டும் தன் வேலையைச் செய்திருந்தது. மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மணிக்கு 55 மைலில் நிறுத்தியிருந்தேன். எஞ்சின் நின்றால் விமானம் கல்லாக விழுவதில்லை. வேகம் இருக்கும்வரை இறக்கை தாங்கும். வேகத்தை விட்டுவிட்டு உயரத்தைப் பிடித்துக்கொள்ளப் பார்ப்பவர்கள்தான் விழுகிறார்கள்.

தரையிலிருந்து 1,200 அடி. நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 அடி இறங்கும். கையில் இருப்பது இரண்டு நிமிடம்.

மீண்டும் கிளப்ப ஸ்டார்ட்டர் இல்லை. மூக்கைச் செங்குத்தாகத் தாழ்த்தி வேகம் கூட்டினால் காற்றே புரொப்பெல்லரைச் சுழற்றக்கூடும். அதற்குச் செலவழிக்கும் உயரம் என்னிடம் இல்லை. அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். கைவிட முடியாமல் இழுத்தது வேறொன்று. எதிரே இரண்டு மூன்று மைல் தள்ளி இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானதளம் ஒன்று தெரிந்தது. இந்தப் பகுதி முழுக்க அப்படிப்பட்ட தளங்கள்தான். அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிய ஓடுபாதைகளில் இன்று வான்கோழிக் கொட்டகைகள் நிற்கின்றன. ஆனாலும் அங்கே கொஞ்சம் கான்கிரீட் மிச்சமிருந்தது. 'ஓடுபாதை' என்ற சொல்லுக்கு அந்த நேரத்தில் என்னவோ ஒரு வசியம். எதிர்காற்றில், நின்ற புரொப்பெல்லரோடு, அது எட்டாது. முன்கண்ணாடியில் பார்த்தாலே தெரியும்: நாம் போய்ச் சேரும் இடம் கண்ணாடியில் அசையாமல் நிற்கும், எட்டாத இடம் மெல்ல மேலே ஏறிக்கொண்டே போகும். அந்தக் கான்கிரீட் ஏறிக்கொண்டே போனது. அதை விட்டுவிட எனக்கு இன்னும் பத்து நொடி ஆயிற்று. அதாவது நூறு அடி.

பிறகுதான் கீழே பார்த்தேன். வயல் வேண்டுமென்றால் தூரத்தில் தேடக்கூடாது, இறக்கைக்குக் கீழே தேட வேண்டும். வேவனி ஆற்றங்கரையில் பச்சைப் பசேல் என்று சமதளமாக ஒரு புல்வெளி. அதற்குத் தெற்கே, மேட்டில், கோதுமை அறுத்த தாள் நிற்கும் வயல். அதில் வைக்கோலை உருளை உருளையாகச் சுருட்டி ஆங்காங்கே போட்டிருந்தார்கள். மனம் புல்வெளிக்குத்தான் போனது. பட்டுப்போல இருந்தது. தொலைவில் ஒரு காற்றாலை தெரிந்தது. ஆரல்வாய்மொழிப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், அதன் முகம் எப்போதும் காற்றைப் பார்த்திருக்கும். முகம் தென்மேற்கே. புல்வெளி அந்தத் திசைக்குக் குறுக்கே குட்டையாகக் கிடந்தது. தாள்வயல் காற்றை நோக்கி நீளமாகவும், மெல்ல மேலேறியும் கிடந்தது. ஏற்றத்தில் இறங்கினால் விமானம் சீக்கிரம் நிற்கும். ஒரு ஓரத்தில் வைக்கோல் உருளைகளை அப்புறப்படுத்தியிருந்தார்கள். அந்த ஓரம்தான் என்று முடிவு செய்தேன்.

"வயலில் இறங்கப் போகிறோம் தம்பி. பெல்ட்டை இழுத்துக் கட்டு. கண்ணாடியைக் கழற்றிப் பையில் வை. ஓட்டும் கோலிலும் மிதியிலும் கை கால் படக்கூடாது."

"சரி அத்தான்." அவ்வளவுதான் சொன்னான். கிளம்புவதற்கு முன்பே அவனுக்கு இதையெல்லாம் ஒருமுறை சொல்லியிருந்தேன், கதவைத் திறந்து பார்க்கவும் வைத்திருந்தேன். சடங்காகச் சொன்னதுதான். இல்லாவிட்டால் அந்த இரண்டு நிமிடத்தில் பாதி அவனுக்கு விளக்கவே போயிருக்கும்.

தோள் வாரைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்து விமானங்கள் பலவும் இடுப்பு வாரோடு மட்டும் பிறந்தவை. எங்கள் குட்டிக்குப் பின்னாளில் தோள் வாரும் பொருத்தினோம். அதைப் பொருத்தும் முறை முக்கியம். நடிகர் ஹாரிசன் ஃபோர்டு 2015 மார்ச் 5 அன்று 1942-ஆம் ஆண்டு ரையன் விமானத்தில் அமெரிக்காவின் சாண்டா மோனிகாவிலிருந்து கிளம்பியதும் எஞ்சின் சக்தி போய்விட, பக்கத்து கோல்ஃப் மைதானத்தில் இறங்கினார். விசாரணையில், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சிறு துண்டு ஒன்று தளர்ந்திருந்தது தெரிந்தது. அவருக்குப் பட்ட காயம் கூடியதற்கு, தோள் வார் சரியாகப் பொருத்தப்படாததும் ஒரு காரணம் என்றது அறிக்கை. வார் இருந்தால் போதாது, அது கட்டியிருக்கும் இடம் தாங்க வேண்டும்.

கையடக்க ரேடியோவில், ஆபத்து அழைப்புக்கான 121.5 அலைவரிசையில், 'மேடே' என்ற அபாயக் குரலை மூன்று முறை சொல்லி, இடத்தையும் இரண்டு பேர் என்பதையும் சொன்னேன். தாழ்வாக இருந்ததால் நிலையத்துக்கு எட்டவில்லை போலும். மேலே பறந்துகொண்டிருந்த யாரோ ஒருவர் என் வார்த்தைகளை வாங்கி அப்படியே அவர்களுக்குச் சொல்வது கேட்டது. முகம் தெரியாத அந்தக் குரலுக்கு நன்றி. ஆனால் ரேடியோவைக் கடைசியாகத்தான் எடுத்தேன். முதலில் விமானம், அடுத்து வயல், அதற்குப் பிறகுதான் பேச்சு. காற்றில் எவ்வளவு அழகாகப் பேசினாலும் வயல் நகர்ந்து வராது.

வயலின் ஓரமாக வரிசையாகக் கம்பங்கள் தெரிந்தன. மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பங்களை வைத்துத்தான் கம்பியை ஊகிக்க வேண்டும். அதைத் தாண்டி வர வேண்டும் என்ற பயத்தில் தேவைக்கு மேல் உயரத்தை வைத்துக்கொண்டேன். கம்பியைத் தாண்டியதும் வயலின் பாதி கீழே ஓடிக்கொண்டிருந்தது, நான் இன்னும் உயரத்தில். குட்டிக்கு வேகத்தையும் உயரத்தையும் குறைக்க உதவும் மடிப்புகள் இறக்கையில் கிடையாது. இருக்கும் ஒரே வழி பக்கவாட்டில் சறுக்குவது: இடது இறக்கையைத் தாழ்த்தி, சுக்கானை வலப்பக்கம் முழுவதும் மிதித்தால் விமானம் விலாவைக் காட்டிக்கொண்டு, வேகம் கூடாமலே, விறுவிறுவென்று இறங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டாகச் செய்து பழகியது. அன்று மைத்துனனின் வயிறு அந்தரத்தில் நின்றிருக்கும். காற்று ஒரு பக்கமாகக் கதவில் அறைந்தது.

பெட்ரோலை மூடினேன். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவை அணைத்தேன். வலப்பக்கக் கதவின் மேல்பாதியை உயர்த்தி இறக்கையோடு மாட்டி, கீழ்பாதியைத் தொங்கவிடச் சொன்னேன். சட்டம் நசுங்கினால் கதவு சிக்கிக்கொள்ளும். திறந்தே இறங்குவது நல்லது. பிறகு நேராக்கி, கோலை வயிறு வரை இழுத்து, மூன்று சக்கரமும் சேர்ந்து தொடும்படி வைத்தேன். தாள் தரையில் உராய்ந்து, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல் சத்தம். இடது இறக்கை ஒரு வைக்கோல் உருளையை ஒரு கை அகலத்தில் தாண்டியது. நின்றோம். எண்பது தப்படிகள்கூட ஓடியிருக்காது.

எதிர்காற்றின் உபகாரம் அது. தொட்டபோது தரையைப் பொறுத்தவரை எங்கள் வேகம் ஒரு மொபெட்டின் வேகம்தான். பழைய, இலேசான விமானத்தில் பறப்பவனுக்குக் கிடைத்திருக்கும் பெரிய சொத்து இதுதான்.

முதலில் இறங்கித் தள்ளிப் போய் நின்றோம், தீப்பிடிக்கவில்லை என்று உறுதியாகும்வரை. அடுத்து தொலைபேசி. ஆபத்து என்று அறிவித்தவன், பத்திரமாக இறங்கிவிட்டேன் என்பதையும் அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் நம்மைத் தேடி ஹெலிகாப்டர் கிளம்பிவிடும். பேசும்போது குரல் சரியாகத்தான் இருந்தது. பேசி முடித்த பிறகு முழங்கால் ஆடியது. வயலுக்குச் சொந்தக்காரர் ஒரு நாயோடு வந்தார். அடி ஏதும் இல்லையே என்று கேட்டுவிட்டு, தேநீர் கொண்டுவர வீட்டுக்குப் போனார். தாள்வயல் என்பதால் நாசமாகப் பயிர் ஏதும் இல்லை. பயிர் நின்ற வயலாக இருந்தால் நஷ்டஈடு பேச வேண்டியிருக்கும்; காப்பீட்டுத் தாளில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

காத்திருந்த நேரத்தில் மைத்துனனிடம், கீழே தெரிந்த புல்வெளியில்தான் முதலில் இறங்க நினைத்தேன் என்றேன். அவன் சற்று நேரம் அதைப் பார்த்தான்.

"செப்டம்பரில் மற்ற இடமெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது, அங்கே மட்டும் இவ்வளவு பச்சை என்றால் அடியில் தண்ணீர் நிற்கிறது அத்தான். வடிகால் வெட்டாமல் ஆற்றோரத்தில் மேய்ச்சல் நிலம் ஏது?"

நடந்து போய்ப் பார்த்தோம். ஆளுயரத்துக்குக் குறையாத அகலத்தில் இரண்டு வடிகால் வாய்க்கால்கள், புல் மூடி, மேலிருந்து அடையாளமே தெரியாமல். சக்கரம் அதில் விழுந்திருந்தால் குப்புறக் கவிழ்ந்திருப்போம். நான் அந்த வயலை ஒதுக்கியது காற்றின் திசைக்காகத்தான். இந்தக் கண் எனக்கு இல்லை. இப்போதெல்லாம் பறக்கும்போது வயல்களின் நிறத்தைப் படித்துக்கொண்டே போகிறேன்: கரும்பச்சைத் திட்டு என்றால் ஈரம், மஞ்சள் பூத்த கடுகு வகைப் பயிர் இடுப்பளவு நிற்கும், கவிழ்த்துவிடும், உழுத நிலம் என்றால் சாலின் போக்கிலேயே இறங்க வேண்டும், குதிரைகள் மேய்ந்தால் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத மின்வேலி இருக்கும்.

விபத்து விசாரணைப் பிரிவுக்குத் தெரிவித்தேன். சிறிய நிகழ்வுகளுக்கு அவர்கள் நேரில் வராமல், விமானி நிரப்பித் தரும் படிவத்தை வைத்தே முடித்துக்கொள்வதும் உண்டு. எனக்கும் படிவம்தான். அதில்தான் முதன்முதலாக உண்மையை வரிசையாக எழுதினேன்: 2,150, 2,100, த்ராட்டில், மறுபடி த்ராட்டில், பாதி ஹீட். எழுதிப் பார்த்தபோது, முதல் தளர்ச்சிக்கும் எஞ்சின் நின்றதற்கும் இடையே ஏறக்குறைய பத்து நிமிடம் எனக்கு இருந்திருக்கிறது என்று தெரிந்தது.

மெக்கானிக் வந்து கார்புரேட்டரைப் பிரித்தார். ஒன்றுமில்லை. பெட்ரோல் சுத்தம், குழாய் சுத்தம். கையால் சுற்றியதும் முதல் சுற்றிலேயே கிளம்பியது. பனிக்கட்டிக்கு அந்தச் சௌகரியம் இருக்கிறது. செய்வதைச் செய்துவிட்டுக் கரைந்துவிடும். வால்பக்கத் துணியில் தாள் கிழித்த ஒரு சாண் கிழிசலை ஒட்டினோம். எங்கள் ஐவரில் மூத்தவர், வயல் உரிமையாளரின் அனுமதியோடு, குறைந்த பெட்ரோலில், தனியாகக் கிளப்பிக்கொண்டு போனார். நான் போகவில்லை. கேட்கவும் இல்லை.

மூன்று வாரம் கழித்துத்தான் மறுபடி ஏறினேன், தனியாக. அதே பள்ளத்தாக்கு, ஏறக்குறைய அதே ஈரக் காற்று. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஹீட் குமிழை முழுவதும் இழுத்துப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டிருந்தேன். முன் இருக்கை காலியாக இருந்ததால் முள் நன்றாகத் தெரிந்தது. ஹார்ல்ஸ்டன் அருகே அது 2,150-லிருந்து மெல்ல நழுவியது. என் கை நேராக த்ராட்டிலுக்குத்தான் போனது. போய், அதன் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எடுத்து, குமிழைப் பிடித்து, முடியும்வரை இழுத்தேன். முள் இன்னும் கீழே விழுந்தது. எஞ்சின் இருமியது. இருமட்டும் என்று விட்டேன். எண்ணத் தொடங்கினேன், பதினொன்று வரும்போது ஓசை தெளிந்து, முள் மேலே ஏறத் தொடங்கியது.